சாரல் வரும்வரை ஒரு பூட்டு

நெல் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும்போது வந்து பூட்டினார்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை மெதுவாகச் சொல்லலாம், எங்கும் ஓடிப்போகாது.

பங்குனி மாதம். பிசான அறுப்பு முடிந்து வண்டி வண்டியாக நெல் வந்து இறங்குகிற சமயம். தென்காசியில் எங்கள் ரைஸ் மில்லில் இரண்டு சிமெண்டுத் தொட்டிகள் உண்டு. இரண்டிலும் நெல்லைக் கொட்டித் தண்ணீர் விட்டிருந்தோம். மறுநாள் விடிந்ததும் அவிக்க வேண்டும். அவித்து, களத்தில் காயவைத்து, மிஷினில் கொடுத்தால் புழுங்கல் அரிசி. ஊறின நெல்லை அவிக்காமல் போட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாம். பூட்ட வந்த கோர்ட்டு அமீனாவுக்கும் தெரியும். அவர் வீட்டிலும் சோறுதான் பொங்குகிறார்கள்.

நான் களத்தில் நின்றேன். அமீனா ஒரு காகிதத்தைக் கதவில் ஒட்டினார். இங்கிலீஷில் இருந்தது. தமிழ் என்றால் எழுத்துக் கூட்டியாவது படித்திருப்பேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷில் என் மில் வாசலில் ஒட்டினால் அது எனக்கு எழுதினதா, வேறு யாருக்காவது எழுதினதா?

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"ஆச்சி, கோவப்படாதீங்க. மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்லுத வரைக்கும் எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கணும். ஒண்ணையும் அசைக்கப்பிடாது. மில்லு ஓடப்பிடாது. சாவி கோர்ட்டு வச்ச ரிசீவர் கையிலே இருக்கும்."

"நெல்லு ஊறிக்கிட்டுக் கெடக்கே."

"அதுவும் இருந்தபடி இருக்கட்டும்."

"அது இருக்காதே ஐயா."

அவர் தொட்டியைப் பார்த்தார். பிறகு பூட்டைப் பார்த்தார். "நான் என்ன செய்ய ஆச்சி. பூட்டத்தான் எனக்கு உத்தரவு. நெல்லுக்குன்னு ஒண்ணும் எங்கிட்டச் சொல்லி விடல."

அரக்கைக் காய்ச்சி முத்திரை வைத்தார்கள். அந்த அரக்கு வாடை இப்போதும் எங்காவது வந்தால் அங்கே நிற்க மாட்டேன்.

இந்தப் பூட்டு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். மில்லைக் கட்டியது என் வீட்டுக்காரரும் அவருடைய கூட்டாளியும். சுரண்டைச் சந்தையில் நெல் பிடித்து விற்ற காலத்திலிருந்து சிநேகிதம். இடமும் தொட்டியும் களமும் எங்களுடையது. என்ஜினும் மிஷினும் அவர் கொண்டுவந்தது. அவரை நான் அண்ணாச்சி என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அப்படி வாய் நிறையக் கூப்பிட்டவர்தான்.

கூட்டு வியாபாரத்துக்கு எழுதின பத்திரத்தைக் குற்றாலத்தில் வைத்து எழுதினார்கள். திருநெல்வேலி டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர் சாரலுக்கு வருஷம் தவறாமல் குற்றாலத்தில் வீடு பிடித்துத் தங்குவார். இரண்டு பேருக்கும் அவர் சொல் என்றால் சொல்தான். கூட்டாளிகளுக்குள் விவகாரம் வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல், சாரல் காலத்தில், குற்றாலத்தில் வைத்து, இந்தப் பெரியவர் மத்தியஸ்தராக இருந்து சொல்லுவதே முடிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கூட்டு இருக்கிறவரை இரண்டு பேரில் யாரும் வேறு மில் வைக்கக் கூடாது என்றும், ஒருவர் காலமானால் அவர் இடத்துக்கு வாரிசு வரலாம் என்றும் எழுதினார்கள்.

அன்று ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"கோர்ட்டுக்குப் போறவனுக்கு மண்டையிலே சூடு ஏறியிருக்கும். அருவியிலே நின்னா ரெண்டு பேருக்கும் இறங்கிரும்லா. அதான் சாரல்லேன்னு போட்டோம்."

"சாரல் இல்லாத மாசத்திலே சண்டை வந்தா?"

"சாரல் வார வரைக்கும் பொறுத்துக்கிட வேண்டியதுதான்."

எனக்கு அப்போதே அது பிடிக்கவில்லை. மழையை நம்பிப் பயிர் வைக்கலாம், பத்திரம் எழுதலாமா? அருவியில் நின்றுவிட்டு வந்த ஆண்கள் எழுதின வாசகம் அது. எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு எவனும் அப்படி எழுதியிருக்க மாட்டான்.

வருஷா வருஷம் வழக்கம் ஒன்று நடந்தது. ஆனி, ஆடியில் இரண்டு பேரும் எங்கள் மில்லில் அரைத்த அரிசியில் ஒரு மூட்டை எடுத்துக்கொண்டு குற்றாலம் போவார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, அந்த அரிசியைப் பொங்கி, பெரியவரோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வியாபாரப் பேச்சை எடுக்க வேண்டும். "நீங்க அரைச்ச அரிசியை நீங்களே தின்னு பாத்துட்டுப் பேசுங்கலே" என்பது பெரியவர் போட்ட சட்டம். இலை போட்டதும், "நம்ம மில்லு அரிசிதானே?" என்று கேட்பார். "நம்ம அரிசிதான் அண்ணாச்சி" என்று இரண்டு பேரும் சொல்லுவார்கள். கோயிலில் மந்திரம் மாதிரி வருஷா வருஷம் அதே கேள்வி, அதே பதில்.

செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு நம் பக்கம் சேர்ந்து சில வருஷம் கழித்து, ஒரு கார்த்திகையில் என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு களத்திலேயே விழுந்தார். இரண்டு பெண்பிள்ளைகள். காரியம் முடிந்து, துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு நான் மில்லுக்குப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஊர் பேசியது. பேசட்டும் என்று இருந்தேன். நெல் எந்த ஊர் நெல், எத்தனை நாள் ஊறணும் என்பதெல்லாம் கல்யாணம் ஆன நாள் முதல் வீட்டில் காதில் விழுந்துகொண்டே இருந்ததுதானே. வேலை நடந்தது. வண்டிகள் வழக்கம் போல வந்தன.

கூட்டாளி முதலில் அன்பாகத்தான் பேசினார்.

"தங்கச்சி, இந்தத் தூசியிலே நீ என்னத்துக்கு? வீட்டிலே இரு. மில்லை எங்கிட்ட விட்ரு. உனக்கு உள்ளதை நான் கொண்டுவந்து தாரேன்."

"அண்ணாச்சி, பத்திரத்திலே வாரிசு வரலாம்னு இருக்கே."

"வாரிசுன்னா ஆம்பிளைப் பிள்ளையை நினைச்சுல்லா எழுதினோம்."

"எழுதும்போது அப்படிச் சொல்லலையே."

அன்றைக்கு அவர் முகம் மாறியது. சில நாள் கழித்து, விவகாரம் என்று வந்துவிட்டது, மத்தியஸ்தம்தான் வழி என்று சொல்லி அனுப்பினார். சரி என்றேன். எனக்கு என்ன பயம்? ஆனால் மத்தியஸ்தம் சாரலில். இது பங்குனி. நடுவே கிடக்கிற மாதங்களுக்குத்தான் அவர் கோர்ட்டுக்குப் போனார். படிக்காத பெண்பிள்ளை கையில் மில் சிக்கிக்கொண்டது, என்ஜினையும் மிஷினையும் கழற்றி விற்றுவிடுவாள், மத்தியஸ்தர் உட்காரும்போது மொட்டைச் சுவர்தான் மிஞ்சும் என்று சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்தார். கோர்ட் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் பூட்டு, பிறகு கேள்வி.

நான் வக்கீலைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர். குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவர். அதுவே எனக்கு அன்று பற்றிக்கொண்டு வந்தது.

"இதுலே ஒரு சங்கதி இருக்கும்மா," என்றார். "உங்க விவகாரத்தைக் கோர்ட் தீர்க்காது. அது மத்தியஸ்தர் வேலை. அவர் சொல்லுத வரைக்கும் சொத்து கெட்டுப்போகாமப் பாத்துக்கிடுதது மட்டும்தான் கோர்ட் வேலை. இடைக்கால உத்தரவுன்னு பேரு."

"கெட்டுப்போகாம இருக்கத்தான் பூட்டினாகளா?"

"ஆமா."

"உள்ளே நெல்லு கெட்டுப்போய்க்கிட்டு இருக்கே ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கு ஒரு மனு போடுவோம். நெல்லை மட்டும் அவிச்சு எடுக்க அனுமதி கேப்போம்."

மனுப் போட்டோம். முதல் நாள் முன்சீப் லீவு. அடுத்த வாய்தாவில் எதிர்க்கட்சி வக்கீல் பதில் மனுவுக்கு அவகாசம் கேட்டார். ஊறின நெல்லை அவிக்கலாமா என்ற கேள்விக்கு யோசித்துப் பதில் எழுத அவகாசம். கொடுத்தார்கள். நான் எழுந்து நின்றேன். முன்சீப் மரியாதையாகத்தான் சொன்னார், "உட்காருங்க அம்மா, உங்க வக்கீல் பேசுவார்" என்று. மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. கோர்ட்டில் ஒருவரும் என்னை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. என் மில்லை மரியாதையோடு கொன்றார்கள்.

அந்த நெல் முழுவதும் என்னுடையதும் இல்லை. ஒரு தொட்டியில் கிடந்தது வடகரையிலிருந்து, வயல் வைத்துப் பயிர்செய்கிற ஒரு சம்சாரி வீட்டு அம்மாள் கொண்டுவந்து போட்ட வருஷச் சாப்பாட்டு நெல். அவள் வண்டியோடு வந்து, பூட்டின கதவைப் பார்த்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஆச்சி, உங்களுக்கும் அண்ணாச்சிக்கும் சண்டை, சரி. எங்க நெல்லு என்ன தப்புப் பண்ணிச்சு? அதையும் பிடிச்சு உள்ள போட்டுட்டாகளே."

"மனுப் போட்டிருக்கு."

"அப்ப ஜாமீன்லே வருமா?"

வண்டிக்காரன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் சிரிப்பு இல்லை. அவள் பிள்ளைகள் வருஷம் பூராவும் தின்ன வேண்டிய நெல் அது. என் வீட்டுப் பத்தாயத்தைத் திறந்து அளந்து போட்டேன். வாங்கிக்கொண்டாள். ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை. மில்லை நம்பிப் போட்ட நெல் வேறு, இரக்கப்பட்டு அளந்த நெல் வேறு. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும்.

கடைசியில் கோர்ட் ஒரு உத்தரவு போட்டது. ரிசீவர் போய் நெல்லைப் பார்வையிட்டு அறிக்கை கொடுக்க வேண்டுமாம். ரிசீவர் என்பது ஒரு இளவயது வக்கீல். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உள்ளே போனார், போன வேகத்தில் வெளியே வந்தார். மேலாக இருந்த நெல் முளை விட்டிருந்தது. அடியில் கிடந்தது கறுத்து நுரை தள்ளியிருந்தது. நெல் உபயோகத்துக்கு ஆகாது, அதனால் அவிக்க அனுமதிக்கிற கேள்வியே எழவில்லை என்று எழுதிக் கொடுத்தார். மனுவை முடித்துவிட்டார்கள். அதை என் வக்கீல் வாசித்துச் சொன்னபோது, திரும்ப வாசிக்கச் சொன்னேன். சரியாகத்தான் கேட்டிருந்தேன்.

அதோடு விடவில்லை. வாடை தெருவுக்கு வந்தது. மேல்காற்று அடித்தால் பெரிய கோயில் மொட்டைக் கோபுரம் வரை போயிற்று. தெருக்காரர்கள் முனிசிபாலிட்டியில் போய்ச் சொன்னார்கள். கூட்டாளி அதையும் எடுத்து அடுத்த மனுவில் எழுதினார். அந்த அம்மாள் மில்லை எந்த லட்சணத்தில் வைத்திருந்தாள் என்பதற்கு அந்த வாடையே சாட்சியாம். பூட்டினது அவர். அழுகினது பூட்டுக்குள். நாற்றம் மட்டும் என் பேரில்.

நான் பஸ் ஏறித் திருநெல்வேலி டவுனுக்குப் போனேன். ஜவுளிக்கடைப் பெரியவர் என்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். காபி வாங்கிவரச் சொன்னார்.

"அண்ணாச்சி, இப்பவே, இங்கனயே வச்சு ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டுச் சொல்லிருங்க. எது சொன்னாலும் சம்மதம்."

"தாயி, நான் இங்கன வச்சுச் சொன்னா, நாளைக்கு அந்தாளு கோர்ட்டிலே போயி, பத்திரத்திலே எழுதினபடி மத்தியஸ்தம் நடக்கல, சாரலும் இல்ல குத்தாலமும் இல்லம்பான். நான் சொன்னது செல்லாமப் போயிரும். உனக்குத்தான் கஷ்டம். சாரல் விழட்டும்."

"அதுக்குள்ள என் மில்லு என்ன ஆகும்?"

"பொறுத்துக்கோ."

அவர் சொன்னது நியாயம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அமீனா சொன்னது, வக்கீல் சொன்னது, முன்சீப் சொன்னது, எல்லாம் நியாயம். ஒவ்வொருவரும் தன் பங்கு நியாயத்தைச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்கள். அத்தனை நியாயத்துக்கும் நடுவில் என் மில் பூட்டிக் கிடந்தது. காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

மில் என்பது அறுப்புக் காலத்தில் ஓடினால்தான் மில். ஒரு பிசானத்துக்குக் கதவு சாத்தினால் சம்சாரி அடுத்த மில்லுக்குப் போவான்; போனவன் அங்கேயே பழகிவிடுவான். கூட்டாளிக்கு இது தெரியும். அவருக்கு வழக்கில் ஜெயிக்க வேண்டியதே இல்லை. சாரல் வருகிற வரை பூட்டு தொங்கினால் போதும்.

சித்திரையில் இலஞ்சிப் பக்கம் புது மில் ஓட ஆரம்பித்தது. அவர் மருமகன் பேரில். ஷெட்டும் தொட்டியும் ஒரு மாதத்தில் முளைக்கிறதா என்ன? எல்லாம் ஏற்கெனவே தயாராக இருந்திருக்கிறது. என் களத்தில் நெல் கிண்டின பெண்கள் அங்கே போனார்கள். ஒருத்தியைச் சந்தையில் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு போகப் பார்த்தாள்.

"ஏட்டி, நில்லு. எங்க வேலைக்குப் போற?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்கிய ஆச்சி. வயித்துக்கும் சேத்து உத்தரவு போட்டிருந்தா நாங்களும் இருந்தபடி இருந்திருப்போம்."

அவளை என்ன சொல்ல? என் வக்கீல் கோர்ட்டில் அந்தப் புது மில்லைப் பற்றிக் கேட்டார். அது மருமகன் மில், எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று கூட்டாளி மறுபடியும் சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்தார். அதற்குள் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை வந்துவிட்டது. கோர்ட் லீவு போட்டது. பூட்டுக்கு லீவு இல்லை.

பிறகு மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பதே வேலையாயிற்று. வைகாசி போயிற்று. ஆனியும் போயிற்று. அந்த வருஷம் பார்த்து சாரல் இறங்கவில்லை. மலையில் மேகம் வரும், நிற்கும், போய்விடும். குளிக்க வந்த வெளியூர்க்காரர்கள் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். "இந்த வருசம் சீசன் இல்ல" என்று கடைக்காரர்கள் சாதாரணமாகச் சொல்லுவார்கள். காற்று மட்டும் வாசலில் தொங்கின பூட்டை ஆட்டிக்கொண்டிருந்தது. செத்துப்போன மனிதர் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. சிரித்துக்கொண்டே எழுதிவிட்டுப் போய்விட்டீர்களே, யார் பொறுக்கிறது என்று படத்துக்கு முன்னால் நின்று கேட்டேன்.

ஆடி பிறந்து சில நாளில், துணி காயப் போட்டிருந்தபோது முகத்தில் பொடிப் பொடியாக விழுந்தது. துணியை எடுக்கவில்லை. அப்படியே நின்றேன்.

பெரியவர் குற்றாலத்துக்கு வந்து இரண்டு பேருக்கும் சொல்லி அனுப்பினார். நான் பஸ்ஸில் போனேன். கோர்ட்டுக் காகிதம் எல்லாவற்றையும் என் வக்கீல் முன்னாலேயே பெரியவருக்கு அனுப்பியிருந்தார். பஸ்ஸில் எனக்கு ஒரே நினைப்புத்தான். வருஷா வருஷம் எங்கள் மில் அரிசி போகும். இந்த வருஷம் நான் வெறுங்கையோடு போகிறேன். கடையில் வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் நெல் மில் வீட்டுக்காரி கடை அரிசியோடு போய் நிற்பதா? அதற்கு வெறுங்கையே மேல்.

பேரருவியில் தண்ணீர் இரைந்தது. சனங்கள் எண்ணெய்த் தலையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் குளித்துவிட்டு வந்திருந்தார். கூட்டாளியும் குளித்துவிட்டுத் திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார்.

"குளிச்சுட்டு வாயேன் தாயி," என்றார் பெரியவர்.

"இல்ல அண்ணாச்சி. எனக்கு இறங்க வேண்டாம்."

என்ன இறங்க வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. மண்டைச் சூடு என்று புரிந்திருக்கும்.

இலை போட்டார்கள். பெரியவர், நடுவில் கொஞ்சம் இடம் விட்டுக் கூட்டாளி, கடைசியில் நான். சமையல்காரர் சோறு கொண்டுவந்து போட்டார். வெள்ளை வெளேரென்று, ஆவி பறக்க, புது நெல்லுச் சோறு. ஓட்டில் சாரல் விழுகிற சத்தம். பெரியவர் தண்ணீரை இலையைச் சுற்றித் தெளித்துவிட்டு, வருஷா வருஷம் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"நம்ம மில்லு அரிசிதானே?"

வருஷா வருஷம் சொல்லுகிற மாதிரியே கூட்டாளி சொன்னார். "நம்ம அரிசிதான் அண்ணாச்சி. புதுசு. பாத்துச் சாப்பிடுங்க, பூ மாதிரி இருக்கும்."

வெறுங்கையோடு வரக் கூடாது என்ற அதே ரோஷம்தான் அவருக்கும். கடை அரிசியோடு அந்த வீட்டுப் படி ஏற அவராலும் முடியவில்லை. அதனால் தன் மில் அரிசியில் ஒரு மூட்டை தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். வழக்கத்தை விடாமல், பெருமையாக.

பெரியவர் ஒரு பிடி எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"மில்லு பங்குனியிலே இருந்து பூட்டிக் கெடக்கு. சாவி ரிசீவர்கிட்ட இருக்கு. இது எங்கன அரைச்சது?"

கூட்டாளிக்கு அப்போதுதான் உறைத்தது. "அது... மருமகன் மில்லிலே..."

"மருமகன் மில்லு எப்படிவே நம்ம மில்லாகும்? உமக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்கீரு. நான் படிச்சிட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

"பழக்கத்திலே வாயிலே வந்துட்டு அண்ணாச்சி."

"வாயிலே வந்தது சரி. மூட்டை எப்படி வந்துது?"

கூட்டாளி தலையைக் குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தச் சோற்றைப் பார்க்கப் பார்க்க, இது என் தொட்டியில் ஊறி, என் களத்தில் காய்ந்திருக்க வேண்டிய நெல் என்றுதான் தோன்றியது. வடகரை வண்டிகள் இலஞ்சியில்தான் இறங்கியிருக்கின்றன. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

"சாப்பிடலையா தாயி?"

"இது எங்க அரிசி இல்ல அண்ணாச்சி."

அன்றே பெரியவர் முடிவைச் சொன்னார். கூட்டு இருக்கும்போதே வேறு மில் வைத்தது பத்திரத்துக்கு விரோதம். கூட்டாளி என்ஜினுக்கும் மிஷினுக்கும் உரிய பணத்தை வாங்கிக்கொண்டு விலக வேண்டும், மில் என்னுடையது. எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். தெருவில் இறங்கினதும் கூட்டாளி என் பக்கத்தில் வந்தார்.

"தங்கச்சி, உனக்கு மில்லுதானே வேணும், கிடைச்சுட்டு. மனசிலே வச்சுக்கிடாதே."

"என்னைத் தங்கச்சின்னு இனிமே கூப்பிடாதீங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இன்னும் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் சாவி கேட்டு ரிசீவர் வீட்டுக்குப் போனேன். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். "மத்தியஸ்தர் சொன்னது சரிதான் அம்மா. அதைக் கோர்ட்டிலே தாக்கல் பண்ணி, கோர்ட் அதை ஏத்துக்கிட்டுத் தீர்ப்பாக்கணும். அது வரைக்கும் இடைக்கால உத்தரவு அமல்லேதான் இருக்கும்."

சாவி அவர் பின்னால் சுவரில் ஆணியில் தொங்கியது. கையை நீட்டினால் எட்டும்.

தாக்கல் செய்தோம். சாப்பாட்டு வேளையில் பேசினதை வைத்து முடிவு சொல்லிவிட்டார், முறையாக விசாரிக்கவில்லை என்று கூட்டாளி ஆட்சேபணை போட்டார். வாய்தா. மறுபடியும் வாய்தா. புரட்டாசியில் கார் அறுப்பு வந்து போயிற்று. என் வாசல் வழியாகவே வண்டிகள் இலஞ்சிக்குப் போயின. சில வண்டிக்காரர்கள் என்னைக் கண்டதும் மாட்டை விரட்டினார்கள். தசரா லீவு விட்டார்கள். மார்கழியில்தான் ஆட்சேபணையைத் தள்ளிப் பூட்டைத் திறக்கச் சொன்னார்கள்.

அதே அமீனா வந்து அரக்கை உடைத்தார். என் வக்கீலும் வந்திருந்தார். பாவம், அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

"பாத்தீங்களாம்மா, பொறுத்ததுக்குப் பலன். என்ஜின் இருக்கு, மிஷின் இருக்கு, களம் இருக்கு. எல்லாம் இருந்தது இருந்தபடி உங்க கைக்கு வந்துட்டுல்லா."

நான் அவரைத் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் என்றைக்கோ வற்றிவிட்டது. நெல் கறுத்து, மரப்பட்டை மாதிரி அடியில் ஒட்டிக் கிடந்தது. அதில் எலி ஓடின தடம். வாடை அப்போதும் இருந்தது.

"குனிஞ்சு பாருங்க ஐயா."

வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம்."

நிமிர்ந்தபோது மூக்கைத் துடைத்துக்கொண்டார். அமீனா வாசலிலேயே நின்றுவிட்டார்; உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

தொட்டியைக் கடப்பாரையால் கெல்லி எடுத்து, சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தோம். நானும் இறங்கித் தேய்த்தேன். என்ஜின் துரு ஏறிக் கிடந்தது. அதைச் சரி பண்ணி ஓட்டினபோது அடுத்த பிசானம் வந்துவிட்டது. பழைய வண்டிகளில் பாதிகூடத் திரும்பவில்லை. முதல் வாரம் களம் காலியாகக் கிடந்தது, பெருக்கினதையே பெருக்கிக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒரு காலையில் வடகரை அம்மாள் வண்டியோடு வந்தாள். நெல்லை இறக்கச் சொல்லவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். கையை விட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தாள். அவிக்கிற நாள் எது என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்ப நெல்லு அவிஞ்சு வெளியே வார வரைக்கும் நான் இங்கனயே இருக்கேன் ஆச்சி. தப்பா நினைக்காதீங்க."

"இரு," என்றேன்.

நெல்லைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டார்கள். அவள் தொட்டிச் சுவர் மேல் முந்தானையை விரித்து உட்கார்ந்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளை அப்படி உட்காரவைத்தவர்கள் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் வாசலைப் பார்த்தபடி இருந்தோம், யாராவது காகிதத்தோடு வருகிறார்களா என்று.